தலையாட்டாதீங்க

வணக்கம் சார்,

சேலம் செவ்வாய்பேட்டைல இருந்து எழுதுறேன். என் தங்கச்சி ஜெர்மனில கொலோன் சிட்டில இருக்கா, இன்னும் மூணு மாசத்துல பிரசவம். அம்மாவ அனுப்பணும். அம்மாவுக்கு 61 வயசு, கொலுசுப் பட்டறைக்கு வீட்லயே சலங்கை மாட்டிக் குடுக்குறாங்க, தமிழ் மட்டும்தான் தெரியும். சென்னைல ஏறி துபாய்ல மாறி ஃபிராங்க்ஃபர்ட்ல இறங்கணும், அங்கருந்து ரயில். மாப்பிள்ளைக்கு அன்னிக்கு லீவு கிடைக்குமான்னு தெரியல, தனியாவே வர வேண்டியிருக்கும்ங்கிறாரு. நான் 50 இங்கிலீஷ் சென்டன்ஸ் லிஸ்ட் போட்டு தினமும் சாயங்காலம் சொல்லிக் குடுக்குறேன், மூணு கூட நிக்க மாட்டேங்குது. மொழிபெயர்க்குற ஆப்ல எது நல்லது? வீல்சேர் போட்டுடலாமா? பாஷை தெரியாதவங்கள அங்க கேவலமா பாப்பாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

க., சேலம்

தம்பி,

மொதல்ல அந்த 50 சென்டன்ஸ் லிஸ்ட கிழிச்சுப் போடுங்க. அப்புறம் பேசலாம்.

உங்க லெட்டர் வந்த அன்னிக்கு காலைலதான் எங்க அத்தைய ஏற்காட்டுல விட்டுட்டு வந்தேன், பஸ்ல வழி பூரா அத்தை வெளிநாட்டுல தனியா சுத்தின நெனப்புதான் ஓடிட்டு இருந்துச்சு, அதான் கைல இருந்த வேலைய விட்டுட்டு எழுதுறேன்.

சின்னச் சின்ன கேள்விய மொதல்ல தள்ளி விட்டுடுறேன். ஆப் எதுன்னு உங்க தங்கச்சியையே கேளுங்க. சில ஏர்போர்ட்ல வைஃபைக்கு ஓடிபி கேக்கும், ஓடிபி வர்ற சிம்முக்கு ரோமிங் இருக்காது, அம்மா அந்த போன வச்சுகிட்டு மூஞ்சி பாத்துக்க வேண்டியதுதான். வீல்சேர், கால் நல்லா இருக்கிறவங்களுக்கு வேணாம்ங்கிறது என் கட்சி, நிஜமாவே நடக்க முடியாதவங்க வரிசைல காத்திருக்காங்க. அதுக்கு பதிலா ஏர்போர்ட்ல ஒரு ஆள் கூடவே வந்து வழி காட்டுற மீட் அண்ட் அசிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, டிக்கெட் போடுறப்பவே ஏர்லைன்ஸ்ல கேளுங்க, காசா இலவசமாங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும். சென்னைல பெட்டிய போடுறப்ப ஒட்டுற சீட்டுல கடைசி ஊரு ஃபிராங்க்ஃபர்ட், அதுக்கு எஃப்ஆர்ஏன்னு மூணு எழுத்து இருக்கான்னு கவுண்டர்ல கேட்டு உறுதி பண்ணிக்கிடுங்க, இருந்தா துபாய்ல பெட்டிய தேடி அலைய வேணாம். கேவலமா பாப்பாங்களான்னா, சேலம் ஜங்ஷன்ல ஒரு ஒடிசாப் பையன் சீட்ட நீட்டி வழி கேட்டா நாம எப்படி பாக்குறோம்? ஒருத்தன் மூஞ்சிய திருப்பிக்குவான், ஒருத்தன் பிளாட்ஃபார்ம் வரைக்கும் கொண்டு போய் விடுவான். அங்கயும் அதேதான்.

இப்ப அந்த 50 சென்டன்ஸ்.

நீங்க அம்மாவுக்கு "எக்ஸ்கியூஸ் மீ, வேர் இஸ் த டிரெய்ன் டு கொலோன்"னு மனப்பாடம் பண்ண வைக்கிறீங்க, சரி, அம்மா கஷ்டப்பட்டு கேட்டுடுறாங்கன்னே வைங்க. கேட்டா எதிராளி என்ன பண்ணுவான்? இங்கிலீஷ்லயே பதில் சொல்லுவான்! ஃபர்ஸ்ட் எஸ்கலேட்டர் அப், தென் லெஃப்ட்னு மளமளன்னு கொட்டிட்டு போயிடுவான். கேள்விய சொல்லிக் குடுத்தீங்க, பதில புரிஞ்சுக்க யார் சொல்லிக் குடுப்பா? அம்மா தமிழ்லயே கேட்டாங்கன்னா அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியாது, அதனால வாய மூடிட்டு கைய நீட்டிக் காட்டுவான். எந்தப் பாஷைல கேக்குறோமோ அந்தப் பாஷைலதான் பதில் வரும், இத நான் காசு குடுத்து கத்துகிட்டேன்.

2016ல பெர்லின்ல இருந்து டுசல்டார்ஃப் போறேன். போறதுக்கு முன்னாடி மூணு மாசம் வீட்ல உக்காந்து ஜெர்மன் படிச்சேன், அஸ்தம்பட்டில எங்க மாடில நின்னு சத்தமா சொல்லிப் பாத்து பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பாத்தாங்க. அந்தத் திமிர்லதான் ஏறினேன். அந்த ரூட்ல அப்ப ஒரு விஷயம் இருந்துச்சு, ரெண்டு ரயில ஒண்ணா கோத்துதான் பெர்லின்ல இருந்து கொண்டு வந்தாங்க, ஹம்ங்கிற ஊர்ல அது ரெண்டா பிரியும், ஒரு பாதி எஸ்ஸன், டுசல்டார்ஃப் வழி, இன்னொரு பாதி ஹாகன், வூப்பர்டால் வழி. எந்தப் பாதிங்கிறது பெட்டி நம்பர்ல இருந்துச்சு, 2ல ஆரம்பிக்கிறதெல்லாம் ஒரு பக்கம், 3ல ஆரம்பிக்கிறதெல்லாம் இன்னொரு பக்கம். நம்ம ஊர்லயும் பெட்டிய கழட்டி மாட்டின காலம் உண்டு, எனக்கு அது தோணவே இல்ல. இடம் காலியா இருந்துச்சேன்னு ஒரு பெட்டில உக்காந்துட்டேன்.

எதிர் சீட்ல ஒரு பாட்டியம்மா, ஸ்வெட்டர் பின்னிட்டு வந்தாங்க. நான் சும்மா இருக்காம, படிச்சத காட்டணும்ல, சுத்தமான உச்சரிப்புல இந்த வண்டி டுசல்டார்ஃப் போகுமான்னு கேட்டேன். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஊசிய மடில வச்சுட்டு ஒரு நிமிஷம் பேசினாங்க, முன்னாடி பக்கம் கைய காட்டினாங்க, ஹம்னு ரெண்டு தடவ சொன்னாங்க, ஒரு கைய இன்னொரு கைல இருந்து பிரிச்சு கூட காட்டினாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? "யா, யா"ன்னு தலையாட்டி சிரிச்சு "டாங்கே"ன்னு நன்றி வேற சொன்னேன். புரியலன்னு சொல்ல வெக்கம். மூணு மாசம் படிச்சவன்ல! ஹம் வந்துச்சு, ஏதோ அறிவிப்பு வந்துச்சு, சில பேரு பையத் தூக்கிட்டு இறங்கி பிளாட்ஃபார்ம்ல முன்னாடி ஓடினாங்க, பாட்டி என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு, நான் மறுபடி சிரிச்சேன். வண்டி வூப்பர்டாலுக்கு போயிடுச்சு.

வூப்பர்டால்ல இறங்கி கவுண்டர்ல இருந்தவர்கிட்ட ஜெர்மனும் பேசல இங்கிலீஷும் பேசல, டிக்கெட்ட நீட்டி டுசல்டார்ஃப்ங்கிற பேர் மேல விரல வச்சேன். அவரு ஒரு துண்டுச் சீட்டுல எஸ் 8ன்னு லோக்கல் வண்டி நம்பர எழுதி, டைம் எழுதி, பிளாட்ஃபார்ம் நம்பர் எழுதி குடுத்தாரு. முடிஞ்சுது. நடுவுல இருந்த நேரத்துல வெளிய வந்து அந்த ஊரு தொங்கு ரயில பாத்தேன், ஆத்துக்கு மேல தண்டவாளத்துல தலைகீழா தொங்கிட்டு போகும், 1901ல இருந்து ஓடுது. வழி தப்பினதுக்கு அது ஒரு லாபம்.

இப்ப எங்க அத்தைக்கு வர்றேன். நாகலூர் பக்கம் எஸ்டேட்ல மிளகு பறிச்ச கை, பள்ளிக்கூடம் ரெண்டாங்கிளாஸோட சரி, நம்பர் மட்டும் நல்லா படிக்கும். மகன் ஜப்பான்ல ஒசாகா சிட்டில வேலைல இருந்தப்ப அங்க மூணு மாசம் இருந்துட்டு வந்துச்சு. பையன் வேலைக்கு போனதும் வீட்ல உக்கார முடியல, தனியா ரயில் ஏற ஆரம்பிச்சுடுச்சு. அங்க மெட்ரோல ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நம்பர் உண்டு. வீடு டென்னோஜி பக்கம், அது 23. மார்க்கெட்டுக்கு நம்பாங்கிற ஸ்டேஷன்ல இறங்கணும், அது 20. அத்தை என்ன சொல்லுச்சுன்னா, "ஏற்காட்டு ரோட்ல வளைவுக்கு நம்பர் போட்டிருக்கிற மாதிரி போட்டிருக்கான்டா, போறப்ப இறக்கம், வர்றப்ப ஏத்தம்." கொண்டை ஊசி வளைவு 20ஐயும் எண்ணி எண்ணி வளந்த ஆளுக்கு மூணு ஸ்டேஷன் ஒரு கணக்கா?

ஒருநாள் அசந்து தூங்கி நம்பாவ தாண்டி 16க்கு போயிடுச்சு. உமேடா, பெரிய ஸ்டேஷன், பூமிக்கடியில ஒரு ஊரே இருக்கும், நானே அங்க சுத்தியிருக்கேன். அத்தை ஓடல, அழல. ஸ்கூல் யூனிஃபார்ம்ல போன ஒரு பொண்ணோட மணிக்கட்ட பிடிச்சுகிச்சு. மகன் எழுதிக் குடுத்த ஜப்பான் எழுத்துச் சீட்ட நீட்டி "இருபது பாப்பா, இருபது"ன்னு தமிழ்ல சொல்லுச்சு. அந்தப் பொண்ணு ஏதோ நீளமா சொல்லுச்சாம். இங்கதான் தம்பி கவனிங்க. அத்தை தலையாட்டல. "புரியல கண்ணு"ன்னுட்டு மறுபடி சீட்ட நீட்டுச்சு. அந்தப் புள்ள இன்னொரு தடவ சொல்லுச்சு. "புரியல." மூணாவது தடவ அந்தப் புள்ள பேச்ச விட்டுட்டு கையப் பிடிச்சு கூட்டிட்டு போய், எதிர்ப் பக்கம் வண்டில ஏத்தி, கதவு மேல இருக்கிற படத்துல 20ஐ தொட்டுக் காட்டிட்டு கும்பிட்டுட்டு போச்சு.

மூணு மாசம் ஜெர்மன் படிச்ச நான் வூப்பர்டால்ல. ரெண்டாங்கிளாஸ் அத்தை வீட்ல.

அதனால அம்மாவுக்கு சொல்லிக் குடுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, புரியலன்னா தலையாட்டக் கூடாது. நம்மாளுங்களுக்கு இது வியாதி. டாக்டர்கிட்ட தலையாட்டுவோம், பேங்க்ல தலையாட்டுவோம், வெளிய வந்து "என்னப்பா சொன்னாரு"ன்னு அடுத்தவன கேப்போம். இதுல நம்ம சரிங்கிற தலையாட்டலே வெளிநாட்டுக்காரனுக்கு இல்லன்னு தெரியும், அது தனிக் கூத்து. தினம் ஒரு மணி நேரம் இருக்குல்ல, இத பழக்குங்க. நீங்க வேணும்னே உளறுங்க, அம்மா "புரியல"ன்னு சொல்லி சீட்ட மறுபடி நீட்டணும்.

சீட்டு எப்படின்னா, மேல அம்மாவுக்காக தமிழ்ல, கீழ அதையே ஜெர்மன்ல, தங்கச்சி கையெழுத்துல: நான் தமிழ் மட்டும் பேசுவேன், இந்த ஊருக்கு போகணும், பிளாட்ஃபார்ம் நம்பர இங்க எழுதி கையால காட்டுங்க. கீழ பாதிய காலியா விடுங்க. கூட ஒரு பேனா. ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்லயே ரயில்வே ஸ்டேஷன் ரெண்டு இருக்கு, தூரத்து வண்டிக்கு ஒண்ணு, பக்கத்து ஊர் வண்டிக்கு ஒண்ணு, எதுன்னு சீட்ல இருக்கணும்.

அப்புறம் நீங்க அம்மாவுக்கு "கொலோன்"னு சொல்லிக் குடுக்கிறீங்களே, அந்தப் பேரு அங்க ஸ்டேஷன் போர்டுல கிடையாது தம்பி! அது இங்கிலீஷ்காரன் வச்ச பேரு. அங்க அது கோல்ன், நாலே எழுத்து, ரெண்டாவது எழுத்து ஒரு வட்டம், அது தலைல ரெண்டு புள்ளி. அத பெருசா எழுதி அம்மா கைல குடுங்க. ஆயிரம் சலங்கைல ஓட்டை விழுந்தத கண்ணால பொறுக்கிப் போடுறவங்களுக்கு வட்டத்து மேல ரெண்டு புள்ளி தெரியாதா? அதுலயும் கோல்ன்ல மெயின் ஸ்டேஷன் ஒண்ணு, ஆத்துக்கு இந்தாண்ட டாய்ட்ஸ்னு ஒண்ணு, சில வண்டி டாய்ட்ஸ்ல மட்டும்தான் நிக்கும். சேலம் ஜங்ஷன், சேலம் டவுன், சேலம் மார்க்கெட்னு வச்சு நாம வெளியூர்க்காரன சுத்த விடலையா, அந்த மாதிரி. எதுல இறங்கணும்னு முழுப் பேரையும் எழுதுங்க.

மாப்பிள்ளை விஷயம். தன் பொண்டாட்டி பிரசவத்துக்கு கடல் தாண்டி வர்ற அம்மாவ கூப்பிட ஒருநாள் லீவு எடுக்க முடியாதாமா? ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து ஒரு மணி நேரம் சொச்சம்தான் ரயில். நான் கேட்டேன்னே சொல்லுங்க. உங்களுக்கும் ஒண்ணு, லெட்டர் முழுக்க நீங்க, மாப்பிள்ளை, ஆப், வீல்சேர். அம்மா என்ன சொல்றாங்கன்னு ஒரு வரி இல்ல. பயமா இருக்கா, ஆசையா இருக்கா, கேட்டீங்களா?

ஊறுகாய பெரிய பெட்டில போடுங்க, கைப்பைல வச்சா பிடுங்கிருவான். செக்கிங் கேட்ல மெட்டி கத்தினாலும் கத்தும், பதறாம நிக்கச் சொல்லுங்க.

அத்தைய ஒருநாள் உங்க வீட்டுக்கு கூட்டிட்டு வர்றேன், அம்மாகிட்ட அதுவே பேசட்டும். அந்த ஜப்பான் சீட்டு இன்னும் அதோட சுருக்குப் பைல வெத்தலையோட இருக்கு. அன்னிக்கு பஸ்ல 20வது வளைவு திரும்புறப்ப என் தொடையத் தட்டி எழுப்புது, "டேய், நம்பா வந்துருச்சு, பைய எடு."