கராஜில் கிடந்த கொமடோர் 64: முதலில் பவர் சப்ளையைக் கவனியுங்கள்

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். அப்பா 1985 வாக்கில் வாங்கிய கொமடோர் 64 கணினி, தன் பவர் சப்ளையுடன் எங்கள் கராஜில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா? கப்பாசிட்டர்கள் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் சிறு பாகங்கள்) அனைத்தையும் மாற்றிய பிறகே தொட வேண்டும் என்கிறார் மாமா. எனக்குச் சால்டரிங் ஓரளவு தெரியும்.

பதில்: அப்பாவின் பவர் சப்ளையைக் கணினியில் செருகாதீர்கள். ஒரு முறை, ஒரு நிமிடம் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம். இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஒரு கொமடோரைச் சில நொடிகளில் அழிக்கக்கூடிய பொருள் அந்தப் பெட்டிக்குள் ஒன்று உண்டென்றால், அது கணினியோடு வந்த அந்தக் கனத்த பவர் சப்ளைதான்.

காரணம் எளிது. 1982இல் வெளிவந்த இக்கணினிக்கு 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் வேண்டும். பெரும்பாலான பழைய பவர் சப்ளைப் பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மரும் 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் கெட்டியான பிசினுக்குள் புதைந்திருக்கும்; சூடு வெளியேற வழியில்லை, திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. வெப்பத்தில் நாள்பட்ட ரெகுலேட்டர் கெடும்போது, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அடங்குவதற்குப் பதிலாக அதிக வோல்ட்டைக் கணினிக்குள் அனுப்பிவிடுகிறது. முதலில் பலியாகுபவை நினைவகச் சில்லுகள்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பார்க்கலாம்; ஆனால் சுமையில்லாமல் அளப்பதை நம்பாதீர்கள். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாக, கணினியில் செருகும் பிளக்கின் 2ஆம் முள்ளுக்கும் 5ஆம் முள்ளுக்கும் இடையே இணைத்தால் ஏறத்தாழ 1 ஆம்பியர் ஓடும். அது கை சுடும் அளவுக்குச் சூடாகும் என்பதால் ஒரு தரை ஓட்டின் மேல் வைத்து, அரை மணி நேரம் அருகிலேயே இருந்து மீட்டரைக் கவனியுங்கள். குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டிய பெட்டி, சூடேறிய பிறகு மெல்ல ஏறுவதுண்டு. 5.2 வோல்ட்டைத் தாண்டினால் அதன் ஆயுள் முடிந்தது. தாண்டாவிட்டாலும், இன்றைய நலம் நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. நினைவுப் பொருளாக அலமாரியில் வைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

மிகைவோல்ட் தடுப்புடன் புதிதாகச் செய்யப்பட்ட பவர் சப்ளை ஒன்றை வாங்குவதே சிறந்தது. கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட் மட்டும் போதாது: கேசட் மோட்டாருக்கான மின்சாரமும், பழைய போர்டுகளில் ஒலிச் சில்லுக்கும் காட்சிச் சில்லுக்கும் வேண்டிய 12 வோல்ட்டும் அந்த 9 வோல்ட் மாறுமின்சாரத்திலிருந்தே பெறப்படுகின்றன. நீங்களே கட்ட விரும்பினால், 230 வோல்ட் பக்கத்து வேலையை மட்டும் தகுதி பெற்ற எலக்ட்ரீசியன் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் திரும்பும் கணத்தில் எழும் வோல்ட் அலையையும் நம் ஊரில் மறக்க முடியாது. மின்வெட்டின்போது பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடும் பழக்கம் நல்லது.

மாமா சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1992இல் வந்த, அதே கொமடோர் நிறுவனத்தின் அமிகா 600, அமிகா 1200 கணினிகளின் போர்டில் ஒட்டிய சிறு கப்பாசிட்டர்கள் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். அங்கே மாற்றுவது கட்டாயம். கொமடோர் 64இன் கப்பாசிட்டர்களோ பெரும்பாலும் இன்றும் உறுதியாக இருக்கின்றன. வீக்கமோ கசிவோ கண்ணுக்குத் தெரியாதவரை அவற்றைத் தொட வேண்டாம். பழக்கம் குறைந்த கையால் சூடேற்றிப் பிடுங்கும்போது, நல்ல கப்பாசிட்டருக்காக நல்ல தடத்தை இழப்பதுதான் நடக்கும்.

உங்கள் சால்டரிங் இரும்பைவிட இப்போது தூரிகைக்கே வேலை அதிகம். டர்பனின் கடற்காற்றும் ஈரமும் அட்டைப்பெட்டிக்குள்ளும் புகுந்திருக்கும். கணினியின் அடியிலுள்ள மூன்று திருகுகளைக் கழற்றி, விசைப்பலகையின் வயர் எப்படிச் செருகப்பட்டிருந்தது என்று படமெடுத்துக்கொண்டு பிரியுங்கள். கரப்பான் எச்சத்தை மென்தூரிகையால் தட்டிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் போர்டைத் துடையுங்கள். சாக்கெட்டில் செருகியிருக்கும் ஐசிகளை (சில்லுகளை) இரு முனைகளிலும் சமமாக நெம்பித் தூக்கி, கால்களைத் துடைத்து, சில்லின் ஒரு முனையிலுள்ள சிறு பள்ளம் இருந்த திசை மாறாமல் மீண்டும் அழுத்துங்கள். செத்ததாகத் தோன்றும் கணினிகளில் சில இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடுகின்றன.

எல்லாம் நன்கு உலர்ந்த பிறகு புதிய பவர் சப்ளையை இணையுங்கள். ஏவி கேபிள் இல்லாமல் ஆன்டெனா துளை வழியே பார்ப்பதானால், தொலைக்காட்சியில் அனலாக் 36ஆம் சேனலைத் தேடுங்கள். நீல நிறத் திரையில் 38911 பைட்டுகள் மீதமுள்ளதாக எழுத்து வந்தால் நினைவகம் நலம். சில நொடிகளுக்குப் பிறகும் திரை கறுப்பாகவே இருந்தால் உடனே அணைத்துவிட்டு, எந்தச் சில்லு எப்போது இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிஎல்ஏ எனப்படும் சில்லையும் நினைவகச் சில்லுகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பிஎல்ஏ இயல்பாகவே சற்றுச் சூடாக இருக்கும் என்றாலும், இந்நிலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதையே. நினைவகச் சில்லுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால், மாற்ற வேண்டியது அந்த ஒன்றுதான்.