நெறி வற்றுவதே செல்கள் சாவதால்தான்

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்குத் தொண்டைப்புண் வந்து ஒரு மாதமாகியும் கழுத்தில் கட்டிய நெறி கரையவில்லை. கேஸ்பேஸ் என்ற நொதி நோயெதிர்ப்பு செல்களைக் கொல்வதாகக் காணொளியில் பார்த்தேன். அதைத் தடுக்கப் பொடியும் விற்கிறார்கள். மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நாள் கொடுத்ததில் சற்றுச் சுருங்கியது. பயமாக இருக்கிறது. – ஒரு தாய், பாலக்கோடு

பதில்: புற்றுநோய் என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை என்பது புரிகிறது அம்மா. தொண்டைப்புண்ணுக்குப் பின் புளியங்கொட்டை அளவில், தொட்டால் நழுவும்படி நெறி கட்டுவது இந்த வயதில் சாதாரணம். கரையப் பல வாரங்கள் ஆகும். தலையில் கொப்புளமோ வாயில் சொத்தைப் பல்லோ இருந்தால் இன்னும் தாமதமாகும்.

காணொளி சொன்னது பாதி உண்மை. கேஸ்பேஸ் நொதிகள் செல்லை முறைப்படி மடியச் செய்கின்றன; கிருமியை எதிர்க்கப் பெருகிய வெள்ளணுக்கள் வேலை முடிந்ததும் அப்படி மடிவதால்தான் நெறி வற்றுகிறது. ஃபாஸ் மரபணு பழுதுபட்டு இந்தச் சாவு தடைபடும் அரிய நோயில், நெறிகளும் மண்ணீரலும் மாதக்கணக்கில் வீங்கியே கிடக்கும்.

மறுபாதியைக் காணொளி சொல்லவில்லை. இதே குடும்பத்து நொதிகள் நோயெதிர்ப்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தவும் உதவுகின்றன. உங்கள் மகனுக்குத் தொண்டைப்புண்ணோடு காய்ச்சல் அடித்திருந்தால் அதில் கேஸ்பேஸ்-1க்கும் பங்குண்டு: அது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தின் முன்வடிவத்தை வெட்டிவிட்ட பிறகே, காய்ச்சலை மூட்டும் அந்தச் செய்தி செல்லுக்கு வெளியே புறப்படுகிறது. கேஸ்பேஸ்-8 பிறவியிலேயே பழுதான உடன்பிறந்த இரு குழந்தைகளைப் பற்றி 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அக்குழந்தைகளின் நெறிகள் வீங்கியிருந்ததோடு, கிருமியைக் கண்டு விழித்தெழ வேண்டிய செல்களும் எழாமல் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே இந்த நொதியை ஒரு பொடி உண்மையாகவே தடுக்குமானால், அதைவிடக் கெடுதல் உங்கள் பிள்ளைக்கு வேறில்லை. அதைக் குப்பையில் போடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது ஸ்டீராய்டின் மேல். நெறி சுருங்கியது குணமானதால் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளணுக்களை ஸ்டீராய்டு இதே செல்சாவுக்குத்தான் தள்ளுகிறது. ரத்தப் புற்றுநோய் செல்களும் அதில் ஓரளவு மடிவதால், நோய் இருந்தாலும் சில நாள் ஒளிந்துகொள்ளும். காசநோயாக இருந்தால் உள்ளே பரவ வழி கிடைக்கும். இனி ஒரு மாத்திரையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. பகல் வெளிச்சத்தில் பையனின் சட்டையைக் கழற்றி, கால், வயிறு, மார்பு எங்கும் கேழ்வரகு மணி அளவில் சிவந்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணாடித் தம்ளரால் அழுத்தியும் அவை மறையாவிட்டால், முகமும் உள்ளங்கையும் வெளுத்திருந்தால் இன்னும் முக்கியமாக, அன்றைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

புள்ளிகள் இல்லாவிட்டாலும், ஸ்டீராய்டு கொடுத்துவிட்டதால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். திட்டுவார்களே என்று அதை மறைத்தால், அந்த ரத்த முடிவைப் படிக்கும் மருத்துவர் ஏமாந்துபோவார்.