கியூவுக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

ஐப்பசி மழை பிடித்தால் போதும், என்னிடம் வரும் ஸ்னூக்கர், பூல் கேள்விகள் ஆட்டத்தை விட்டு மரத்துக்குத் தாவிவிடும். பந்தை அடிக்கும் கோலான கியூ பிசுபிசுக்கிறது, வளைகிறது, அதன் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் டிப் கழன்று வருகிறது. இந்த முறை வந்தவற்றில் சில.

ஒரு வருஷமாகப் பார்லர் கியூவில் ஸ்னூக்கர் ஆடுகிறேன். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். ஆஷ் மரமா, மேப்பிளா? கடையில் எதைப் பார்ப்பது? (வேளச்சேரி)

இரண்டுமே நல்ல மரம்தான். மேப்பிள் வழவழவென்று இருக்கும். ஆஷில் ரேகை விரலுக்குத் தட்டுப்படும். கியூவின் நீண்ட முன்பகுதியான ஷாஃப்டின் மேல் அம்புமுனை போன்ற வரிகள் நுனியை நோக்கி அடுக்கடுக்காக நிற்கும். எனக்கு ஆஷ்தான் பிடிக்கும். குனிந்து குறி பார்க்கும்போது அந்த வரிகள் மேலே இருந்தால் கியூவை நேற்றுப் பிடித்த மாதிரியே இன்றும் பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

பெரியமேட்டுக் கடைகளில் கேட்டால் மேஜையில் உருட்டிக் காட்டுவார்கள். அதை முழுசாக நம்ப வேண்டாம். பல கியூக்களில், கையில் பிடிக்கும் தடித்த பின்பகுதியான பட்டின் அடியில் பேட்ஜ் பதிக்க ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். நேரான கியூவும் அதனால் துள்ளும். பட் பகுதியைக் கன்னத்தோரம் வைத்து, ஒரு கண்ணை மூடி, நுனி வரைக்கும் பாருங்கள். அப்புறம் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். கடையில் டியூப்லைட் எரிகிறதா? அதன் வெளிச்சம் ஷாஃப்டின் மேல் ஒரு கோடாக விழும்படி பிடியுங்கள். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே மரமும் நெளிந்திருக்கிறது.

எடை 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 480 முதல் 540 கிராம். நீளம் 57, 58 அங்குலம். டிப் 9.5 மில்லிமீட்டர் ஒட்டி இருந்தால் தொடங்குவதற்குச் சரி. இரண்டு துண்டுக் கியூ என்றால் நன்றாக முறுக்கிவிட்டு, பட் பகுதியைத் தரையில் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். உள்ளே கடகடவென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முக்கால் பங்கு ஷாஃப்ட் ஒரே துண்டாக வருவது ஆட நன்றாக இருக்கும். ஆனால் அதன் பெட்டி நாற்பது அங்குலத்துக்கு மேல் போகும். பறக்கும் ரயிலில் சாயங்காலக் கூட்டத்தில் அதோடு ஏறிப் பாருங்கள், நடுவில் பிரியும் கியூவின் அருமை தெரியும்.

என் பூல் கியூவிலேயே ஸ்னூக்கர் ஆடலாமா? (அண்ணா நகர்)

ஆடலாம், நுனி ஒத்துழைக்காது. பூல் பந்து 57 மில்லிமீட்டர், அதன் கியூ டிப் 12, 13. ஸ்னூக்கர் பந்து 52.5தான். சின்னப் பந்தில் பெரிய டிப்பை வைத்து ஓரத்தைத் தொட்டு அடிப்பது, அகப்பையால் கடுகு எடுப்பது மாதிரி.

கியூ காய்ந்து தெரிந்ததால் அம்மா தேங்காய் எண்ணெய் தடவி வைத்துவிட்டார். இப்போது கையில் ஒட்டுகிறது. (மயிலாப்பூர்)

அம்மாவைத் திட்டாதீர்கள். ஊஞ்சல் பலகைக்கும் தலைக்கும் ஒரே மருந்து என்று வளர்ந்த ஊர் இது.

தேங்காய் எண்ணெய் மரத்தின் மேல் காய்ந்து இறுகாது. எண்ணெயாகவே கிடந்து தூசியையும், டிப்பில் தேய்க்கும் நீலச் சாக்கின் பொடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, ஷாஃப்டை நீளவாக்கில் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால், உள்ளங்கையில் சூடு தெரியும் வரை தேயுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் பிசுக்கு இறங்கும். உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஷாஃப்ட் மெலியும், மெலிந்தது திரும்பி வராது.

எண்ணெய்தான் வேண்டும் என்றால் ஆளி விதை எண்ணெய். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். அது காற்றுப் பட்டு மெல்ல இறுகி மரத்தோடு சேர்ந்துவிடும். நாலைந்து சொட்டுத் துணியில் விட்டு மெலிதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்து, ஓரிரு நாள் சும்மா விடுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். அதுவும் எண்ணெய்ப் பூச்சுள்ள ஷாஃப்டுக்குத்தான். வார்னிஷ் அடித்து மினுக்கும் கியூவுக்குள் அது இறங்காது.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட் இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். விரித்து வெளியே கொடியில் போட்டு, காய்ந்த பிறகு எறியுங்கள்.

நுனியில் இருக்கும் பித்தளை வளையம் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (திருவான்மியூர்)

குத்துவிளக்குக்குப் போடுங்கள். ஃபெரூல் என்கிற இந்த வளையத்துக்கு வேண்டாம். புளித்தண்ணீர் வளையத்தின் ஓரத்தில் மரத்துக்குள் இறங்கினால் மரம் உப்பும், கறை விழும், பசையும் விட்டுப்போகும். கடற்கரைக் காற்றில் பித்தளை கறுக்கத்தான் செய்யும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். கறுத்த ஃபெரூல் ஒரு பாயிண்டைக்கூடக் குறைக்காது.

காரில் வைத்திருந்த கியூ லேசாக வளைந்துவிட்டது. நிமிர்த்த முடியுமா? (போரூர்)

நானும் இதைச் செய்தவன். கத்திரி வெயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கியூவைப் பின் சீட்டில் விட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பெட்டியைத் திறந்தால் டிப் தனியாகக் கிடந்தது, ஷாஃப்ட் நுனியில் ஒரு நெல்மணி அளவுக்கு வளைவு. முழங்காலில் வைத்து நிமிர்த்தினேன். நிமிர்ந்தது. மறுநாள் காலையில் பழையபடி வளைந்திருந்தது.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்போது விரியும், விடும்போது சுருங்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நடந்தால் வளைவு. ஏசி அறை, மொட்டை வெயில், மழைச்சாரல் என்று மாறி மாறி அலைந்தால் வேறென்ன ஆகும்? 1875-ல் ஜபல்பூரில் பிறந்து, ஊட்டி கிளப்பில் விதிமுறை வகுக்கப்பட்ட ஆட்டம் ஸ்னூக்கர். வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரன் மலையேறி ஆடினான். நாம் அந்த வெயிலிலேயே ஆடுகிறோம்.

லேசான வளைவு என்றால் அப்படியே ஆடலாம். வளைவு மேலும் கீழுமாக வரும்படி, எப்போதும் ஒரே வாக்கில் பிடியுங்கள். பக்கவாட்டில் வந்தால்தான் குறி தவறும். இனிமேலாவது சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மழையில் ஊறும் வெளிச்சுவரில் கட்டாயம் வேண்டாம். பெட்டியில் போட்டு பீரோ மேல் படுக்கவைத்து, புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போடுங்கள்.

டிப்பை நானே மாற்றலாமா? சாக் தீர்ந்தால் பள்ளிக்கூட சாக்பீஸ் ஆகுமா? (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்)

மாற்றலாம், தம்பி. பழைய டிப்பைப் பிளேடால் பக்கவாட்டில் சீவி எடு. ஃபெரூலின் முகத்தில் பழைய பசை ஒரு துளிகூட இருக்கக் கூடாது. விரல் நுனியால் தடவினால் கண்ணாடி மாதிரித் தட்டையாக இருக்க வேண்டும். புது டிப்பின் அடியை உப்புத்தாளில் நாலு இழு இழுத்துச் சொரசொரப்பாக்கு. சூப்பர் குளூவில் ஜெல் வகை வாங்கு. தண்ணீர் போன்றது தோலுக்குள் ஊறி டிப்பைக் கல்லாக்கிவிடும். ஒரு துளி போதும். நடுவில் வைத்து அழுத்து, ராத்திரி முழுக்க விடு. காலையில் கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைக் கீழ்நோக்கிச் சீவு. பிறகு மெல்ல உருண்டையாக்கு. ஆட ஆட டிப் காளான் மாதிரி ஓரம் விரிந்தால் மறுபடி சீவ வேண்டும். ஃபெரூல் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தேய்ந்தால் புதுசு போடு.

சாக்பீஸ் ஆகாது. நாம் சாக் என்று சொன்னாலும் நீலக்கட்டியில் இருப்பது சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும். 1897-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தச் சொரசொரப்புதான் பந்தைப் பிடிக்கும். சாக்பீஸ் வழுக்கும், டேபிள் துணியையும் வெள்ளையடிக்கும்.

பட் கருங்காலியில் இருந்தால் ராசி என்கிறார்களே? (ராயபுரம்)

கருங்காலி மாலை விற்கும் கடைக்காரரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது, கருங்காலி தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம். அதனால்தான் பின்பக்கத்துக்கு வைக்கிறார்கள். கனம் கைப்பக்கம் வந்துவிட்டால் கியூ நேராக ஓடும்.