‘எம் குன்று’ முதல் ‘நிருமித்த ஊர்’ வரை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ‘கவிதையில் அடையாளமும் ஏக்கமும் ஊர்ப்பற்றும்’ என்று எம்.ஏ.வுக்கு ஒப்பீட்டுக் கட்டுரை எழுத வேண்டும். சங்கப் புலவர் தொடங்கி வள்ளலார், பாரதி, பாரதிதாசன், வாணிதாசன், தமிழ் ஒளி என்று எட்டுப் பேரை வைத்து இருபது பக்கம் எழுதினேன். “இது பட்டியல், ஒப்பீடு இல்லை” என்று நெறியாளர் திருப்பித் தந்துவிட்டார். கோளாறு எங்கே?
- கல்லூரி மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: ஆள் அதிகம். இருபது பக்கத்தில் எட்டுக் கவிஞர் என்றால் ஆளுக்கு இரண்டரைப் பக்கம். பிறந்த ஊர், நூற்பெயர், சிறப்புப் பெயர் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். இரண்டு கவிஞர்கூட வேண்டாம், இரண்டு பாட்டுப் போதும். அளவு ஒத்திருக்க வேண்டியதில்லை. இழந்தது ஒத்திருந்தால் சரி.

புறநானூறு 112-ஐயும் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஊரைப் பறிகொடுத்த பெண்கள். முதலாவது பாரி மகளிர் பாடியது. இரண்டாவது பிஜித் தீவுக்குக் கூலிகளாகப் போன பெண்களைப் பற்றியது. அந்தத் தீவுக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலி முறையில் இந்தியாவிலிருந்து கப்பல்கள் போயின. இரண்டு பாட்டையும் கையால் எழுதி, நான்கு கேள்வி கேளுங்கள்: யார் பேசுகிறார்? யாரிடம்? எந்தக் காலத்தில் நின்று? எதைத் தமது என்கிறார்?

புறப்பாட்டு ஐந்தே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதத்து நிலவில் முதலில் தந்தை, பிறகு குன்று. இந்த மாதத்து நிலவில் முதலில் குன்று, பிறகு தந்தை. வரிசை புரண்டு, பாட்டு ‘இலமே’யில் போய் முடிகிறது. யாரையும் விளிக்கவில்லை. அழுகை, துயரம் என்று ஒரு சொல்கூட இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: தந்தை பாரி, அவர் குன்றான பறம்பு என்ற பெயர்கள் பாட்டுக்குள் கிடையாது. பாரி மகளிர் பாடியது, கையறுநிலைத் துறை (இழப்பில் செயலற்று நிற்கும் நிலையைப் பாடுவது) என்பதெல்லாம் பாட்டின் கீழே உள்ள குறிப்பு தரும் செய்தி. குறிப்பை மறைத்துவிட்டு ஒருமுறை படித்தால், தந்தையும் குன்றும் இல்லாத யாரும் பாடக்கூடிய பாட்டாக அது நிற்கும். உங்கள் கட்டுரையில் ‘அடையாளம்’ பற்றிய பகுதிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பாரதி பாட்டில் இழந்தவர்கள் பேசவே இல்லை. அவர்களுக்காக இன்னொருவர் பேசுகிறார், அதுவும் தெய்வத்திடமும் காற்றிடமும். ‘நாட்டை நினைப்பாரோ?’, ‘அன்னை வீட்டை நினைப்பாரோ?’ என்று கேள்வியாகவே கேட்கிறார். தொடக்கத்தில் ‘ஹிந்து மாதர்’ என்று தள்ளி நின்று சொன்னவர், ‘விம்மி’ என்பதை நான்கு முறை அடுக்கிய கையோடு ‘எங்கள் பெண்கள்’ என்று கிட்டே வந்துவிடுகிறார். அந்த ‘எங்கள்’ எந்த அடியில் விழுகிறது என்று காட்டினாலே கட்டுரையின் பாதி முடிந்த மாதிரி. புறப்பாட்டில் இழந்தவர்கள் கணக்கு மட்டும் சொல்கிறார்கள், பாரதி பாட்டில் கேட்டவர்தான் அழுகிறார் என்பது என் வாசிப்பு. நீங்கள் மறுக்கலாம், ஆனால் அடியைக் காட்டித்தான் மறுக்க வேண்டும்.

எழுதும்போது ‘முதலில் புறநானூறு, அடுத்து பாரதி’ என்று பிரிக்காதீர்கள். பிரித்தால் மறுபடியும் பட்டியல்தான். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு பகுதி ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டையும் கொண்டுவாருங்கள். பகுதிக்கு முந்நூறு சொல், முன்னுரைக்கும் முடிவுக்கும் சேர்த்து முந்நூறு, ஆக ஆயிரத்தைந்நூறு. மேற்கோள் பன்னிரண்டு அடியைத் தாண்ட வேண்டாம். மேற்கோளுக்குக் கீழே பொழிப்புரை எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பாரதி புதுச்சேரியில் பத்தாண்டு அடைக்கலமாக இருந்தவர். குயில் பாட்டில் வரும் ஏக்கத்தை நாடு கடந்தவரின் ஏக்கமாகப் படிக்கலாமா?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: படிக்கலாம், ஆனால் வாழ்க்கைக் குறிப்பை முதலில் வைத்துவிட்டுப் பாட்டை அதற்குச் சாட்சியாக இழுத்துவந்தால் சறுக்கும். 1908-ல் வந்தார், 1918 நவம்பரில் கிளம்பியபோது கடலூர் அருகே கைதாகி அங்கே சிறையில் இருந்தார் என்பதெல்லாம் சரி. பாட்டு என்ன சொல்கிறது? தொடக்கத்திலேயே ‘செந்தமிழ்த் தென்புதுவை யென்னுந் திருநகரின் மேற்கே சிறுதொலைவில்’ மாஞ்சோலை என்று இடத்தைத் திசையோடு குறிக்கிறது. விட்டுவந்த ஊர் அங்கே இல்லை, வந்துசேர்ந்த ஊர்தான் இருக்கிறது. ஏக்கம் குயிலுக்கு, ஊர் கவிஞருக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பாமல் எழுதுங்கள்.

இதே ஊரில் 1891-ல் பிறந்த பாரதிதாசனைப் பக்கத்தில் வைத்தால் சுவாரஸ்யம் கூடும். ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ பாட்டில் ‘இன்பத்தமிழ் எங்கள் வாழ்வுக்கு நிருமித்த ஊர்’ என்று ஓர் அடி வருகிறது. வெளியிலிருந்து வந்தவர் ஊரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், இங்கேயே பிறந்தவருக்கு மொழியே ஊராகிவிடுகிறது! 1954 வரை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி, 1947 வரை கடலூரில் ஆங்கிலேய ஆட்சி. எல்லைக்கு இரண்டு பக்கமும் பொதுவாக இருந்தது தமிழ்தான். அந்த அடிக்கு இதுவே முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதை மறந்துவிட்டுப் படித்தால் அது வெறும் மொழி வாழ்த்தாகத் தட்டையாகிவிடும்.

கேள்வி: அப்பர் தேவாரத்தை இந்தத் தலைப்பில் சேர்த்தால் சமயச் சொற்பொழிவு ஆகிவிடாதா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் ஊர்ப் பதிகத்தையே எடுங்கள். ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்’ என்று தாய், தந்தை, உடன்பிறப்பு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். பாரி மகளிரின் ‘எந்தையும் இலமே’யையும் இந்த ‘எந்தையுமாய்’ என்பதையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படியுங்கள். அங்கே உறவு பறிபோகிறது, இங்கே வேறொரு வடிவில் திரும்பக் கிடைக்கிறது. அப்பர் இளமையில் பெற்றோரை இழந்ததும், இவ்வூர்ச் சமண மடத்தில் இருந்ததும், கல்லே தெப்பமாக இங்கே கரையேறியதும் பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அது அப்பருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய நூல். பதிகத்தில் உள்ளதைப் பதிகமாகவும் புராணத்தில் உள்ளதைப் புராணமாகவும் பிரித்துச் சொன்னால் சொற்பொழிவு ஆகாது.

வள்ளலாரைச் சேர்க்க நினைத்தால், எல்லாரும் எடுக்கும் ‘வாடிய பயிர்’ அடியை விட்டுவிட்டு, ‘சாதியிலே மதங்களிலே சமய நெறிகளிலே’ என்ற பாட்டுக்குப் போங்கள். அடையாளத்தைத் தேடாமல் உதறச் சொல்லும் குரல் அது. ‘அலைகின்ற உலகீர்’ என்று ஊர், நாடு பார்க்காமல் உலகத்தையே விளிக்கிறார்.

கேள்வி: ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ இருக்க, வேறு எடுத்துக்காட்டு எதற்கு?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டு (புறம் 192) பதின்மூன்று அடி. மேடையில் முதல் அடியோடு மைக்கை விட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த அடிகளில் தீதும் நன்றும் பிறர் தர வாரா என்கிறார், ஆற்றுநீரின் போக்கில் போகும் புணையை (தெப்பத்தை)ப் போல் உயிர் போகும் என்கிறார், பெரியோரை வியக்கவும் சிறியோரை இகழவும் மறுக்கிறார். அது ஊர்ப்பற்றுப் பாட்டா, ஊழைப் பற்றிய பாட்டா என்று பதின்மூன்று அடியையும் படித்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம். உரைக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் பதிப்பைப் பாருங்கள்.