முதலில் அப்பாவுக்குக் கேட்கட்டும்

"அக்கா, எனக்கு 26 வயது. இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு வயல் இருக்கிறது. கமக்கார அமைப்பில் என்னைச் செயலாளராக்கினார்கள். சிறுபோகக் கூட்டத்தில், 'நூறு வருடங்களுக்கு முன் எம் முன்னோர்...' என்று லிங்கன் மாதிரித் தொடங்கினேன். பொறியியலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். பாடமாக்கியது பாதியில் மறந்துபோய் இருந்துவிட்டேன். இப்போது இரவில் ஹெட்போன் போட்டு லிங்கன், சேர்ச்சில், மார்ட்டின் லூதர் கிங் பேச்சுகளைக் கேட்டுப் பாடமாக்குகிறேன். வீட்டில் பேசிப் பழகவும் ஆளில்லை. அப்பாவுக்கு 2009இல் ஷெல் விழுந்ததிலிருந்து ஒரு காது கேட்காது, மற்றதும் மந்தம். கத்த வேண்டும் என்பதால் அவரோடு பெரிதாகக் கதைப்பதில்லை. இன்னும் எந்தெந்த உரைகளைப் பாடமாக்கலாம்?"
- வாசகர், கிளிநொச்சி

தம்பி, உம்முடைய முழுக் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த மூன்று பக்கத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது இரண்டு வரி. அதுவும் பழக ஆளில்லை என்பதற்குச் சாட்டுச் சொல்ல வந்த வரி. நான் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மேடையில் கை நடுங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான் என்று ஆறுதல் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர். இப்படிக் கடிதங்கள் எனக்கு எத்தனையோ வந்துவிட்டன, அந்த ஆறுதலால் ஒருவரும் பேசப் பழகியதாகத் தெரியவில்லை.

உமக்கு நடந்தது சேர்ச்சிலுக்கும் நடந்தது. 1904இல், 29 வயதில், பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு பாராளுமன்றத்துக்குப் போனார். நடுவில் ஒரு வசனம் வராமல் நின்றுவிட்டது. கேட்டிருந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு இருந்து முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு குறிப்புத்தாளை நம்பினாரே தவிர மனப்பாடத்தை நம்பவில்லை. அந்த மனிசனின் பேச்சைத்தான் நீர் இரவிரவாகப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறீர்!

லிங்கன் கெட்டிஸ்பேர்க்கில் பேசியது 1863 நவம்பர் 19இல். ஏறக்குறைய 270 சொற்கள், இரண்டு மூன்று நிமிடம். அவருக்கு முன் எட்வர்ட் எவரெட் என்ற பேர்போன பேச்சாளர் இரண்டு மணித்தியாலம் பேசியிருந்தார். தான் இரண்டு மணித்தியாலத்தில் தொடாத மையத்தை லிங்கன் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டார் என்று மறுநாள் அவரே லிங்கனுக்கு எழுதினார். யுத்தத்தில் செத்தவர்களின் மயானத்தைத் திறக்கும்போது லிங்கனைப் போல எண்பத்தேழு வருடத்துக்கு முன்னால் போய்த் தொடங்கலாம். தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் தொடங்கலாமா? எங்கள் வாய்க்காலின் கடைசிப் பக்கத்துக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை, போன முறை இத்தனை ஏக்கர் கருகியது, இந்த முறை இன்னது செய்து தாருங்கள். மூன்று வசனம், பிறகு இருந்துவிடலாம்.

அந்த 'இத்தனை ஏக்கர்' எத்தனை என்று உமக்குத் தெரியுமா? அப்பாவுக்குத் தெரியும். கூட்டத்தில் ஒன்றும் காதில் விழாமல், மற்றவர்கள் கை உயர்த்தும்போது தானும் உயர்த்திவிட்டு வருகிற எத்தனை அப்பாமாரைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்து என்ன முடிவானது என்று சொல்ல ஒரு பிள்ளை இருக்காது. செயலாளரின் அப்பாவுக்கும் இந்தக் கதிதானா?

கத்த வேண்டும் என்று உமக்கு யார் சொன்னது? காது மந்தமானவரிடம் கத்தினால் சத்தம்தான் கூடும், சொல் விளங்காது. முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். வெளிச்சம் உம்முடைய முகத்தில் விழ வேண்டும். சின்ன வசனமாகச் சொல்லி நிறுத்தி, அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். விளங்கவில்லை என்றால் அதையே திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லைத் தேட வேண்டும். என் பெரியப்பாவிடம் ஒருநாள் கிணற்றடியில் 'பம்பு' என்றேன், மனிசன் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அது 'மோட்டர்'தான். இதையெல்லாம் பழக்கத்தான் காசு வாங்கிக்கொண்டு பேச்சு வகுப்பு நடத்துகிறார்கள். உமக்கு வீட்டுத் திண்ணையில் சும்மா கிடைக்கிறது.

தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவுக்கும் காது மந்தம்தான். போதாக்குறைக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்து குரலும் தேய்ந்துபோனது. அந்தக் குரலோடு நின்றுதான் 1975இல் காங்கேசன்துறை இடைத்தேர்தலை வென்றார்.

கிங்கைக் கேட்கிறீர், நல்லது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் தாளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தார். தாளை விட்டார், பேச்சு வேறாகிவிட்டது. ஆனால் 'எனக்கொரு கனவு உண்டு' என்பதை ஜூன் மாதமே டெட்ராய்டில் சொல்லியிருந்தார். அவருடைய அப்பா போதகர், அம்மாவின் அப்பாவும் போதகர். வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. நீர் அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்பதற்காக உம்முடைய வீட்டுப் பெரியவருக்குக் காதை மூடி வைத்திருக்கிறீர்.

என்னைப் பழைய ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பெற்ற தகப்பனோடு கதைக்க அலுப்புப்படுகிறவர் ஊர்ச்சனத்துக்காகக் கதைக்கிறேன் என்று எழும்பக்கூடாது. 2009இல் உமக்குப் பத்து வயது. அந்த ஷெல்லுக்குள் உம்மை யார் இழுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று நான் கேட்கவில்லை, நீரே அவரைக் கேளும். காதைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாகவும் கடிதத்தில் இல்லை. கேட்கும் கருவி ஒன்று உதவக்கூடும், அதையும் பாரும்.

இன்று இரவு சாப்பாடு முடிய ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போன முறை எந்தெந்தத் துண்டு கருகியது என்று அவரிடம் கேட்டு எழுதும். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போம், அவரையும் பக்கத்தில் இருத்தும்.

உரைகளின் பட்டியல் பிறகு. கேட்காமல் போனது இடது காதா, வலது காதா என்று நீர் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுதும்.