சம்பவம் நடந்த வீட்டைக் கழுவும் தொழில்: கேளுங்கள், அக்கா பதில் சொல்கிறார்

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிறேன். கொலை, அகால மரணம் நடந்த வீடுகளைச் சுத்தம் செய்வது அமெரிக்காவில் தனித் தொழிலாம். சேலத்தில் அதை நம்பி இறங்கலாமா? நீங்கள் பதினொரு வருடம் ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்கில் இருந்து, இப்போது சொந்தக் குழு நடத்துவதால் கேட்கிறேன்.
- வாசகர், ஆத்தூர்

பதில்: இறங்கலாம் தம்பி. ஆனால் இதை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது. எங்கள் அம்மாபேட்டைக் குழுவுக்கு இப்படி ஒரு வீடு மாதத்துக்கு ஒன்று வரும், சில மாதம் அதுவும் வராது. மற்ற நாளெல்லாம் கல்யாண மண்டபம், புது வீடு, தண்ணீர்த் தொட்டி. வருவதிலும் கொலை அபூர்வம். தனியாக இருந்த பெரியவர் இறந்து, மூன்று நாள் கழித்துக் கதவை உடைத்த வீடுகள்தான் அதிகம்.

அமெரிக்காவில் போலீஸ் வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் தனியார் கம்பெனியைக் கூப்பிடுவார். கலிபோர்னியாவில் அந்தக் கம்பெனி சுகாதாரத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். ரத்தம் படும் வேலை செய்பவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை முதலாளி இலவசமாகப் போட்டுவிட வேண்டும் என்று அந்த நாட்டில் 1991லேயே விதி வந்துவிட்டது. இங்கே பிரேதத்தை எடுத்ததும் யாரையாவது கூட்டி வருகிறார்கள். யாரை, எந்தத் தெருவில் இருந்து என்று உங்களுக்கும் தெரியும். கையில் ஐநூறு ரூபாயும் பிளீச்சிங் பவுடர் பொட்டலமும் கொடுத்து, முடிந்ததும் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுகிறார்கள். கிளவுஸ்கூடக் கிடையாது. அந்தக் கோபத்தில்தான் நான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன். நீங்கள் வருவதானால் நாலு பேருக்குக் கிளவுஸும் ஊசியும் நியாயமான கூலியும் கொடுக்கும் முதலாளியாக வாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வீடும் அதுவே. பட்டறைக்காரர் வேலை செய்த இடத்திலேயே விழுந்து தலையில் அடிபட்டு இறந்திருந்தார். நான் துடைப்பத்தை எடுத்ததும் அவர் மனைவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தூசியைக் கொட்டிராதீங்க, அதுல அவரு ராவுன வெள்ளி இருக்கு." பட்டறை வீடுகளில் தரைத்தூசியைச் சேர்த்து வைத்து உருக்கி வெள்ளி எடுப்பார்கள். அது எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. ரத்தம் பட்ட இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டோம். கோட்டுக்கு வெளியே இருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். அரை நாள் கூடுதலாக ஆயிற்று. அந்த அம்மா டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதைக் கழுவுவது, எதைத் தொடாமல் விடுவது என்று முதலில் வீட்டாரிடம் கேளுங்கள் தம்பி.

வேதியியல் படித்தவர் நீங்கள், இது சுலபமாகப் புரியும். ரத்தத்தில் வெந்நீர் ஊற்றினால் புரதம் உறைந்து கறை பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீர்தான். ஆஸ்பத்திரியில் நாங்கள் 'ஹைப்போ' என்கிற சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு சதவீதம் வேண்டும். கேனில் 5 சதவீதம் என்றிருந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பழைய துணியைக் கறை மேல் விரித்து, ஹைப்போவை ஊற்றி, பத்து நிமிடமாவது விட்டு, வெளி ஓரத்தில் இருந்து உள்ளே துடைத்து வர வேண்டும். ஹைப்போவோடு கக்கூஸ் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய அறையில் அது ஆளையே முடித்துவிடும். காய்ந்த ரத்தம்தானே என்ற அலட்சியமும் கூடாது. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. இதைப் போட்டுக்கொள்ளாதவரை நான் வாசலோடு நிறுத்திவிடுவேன்.

ரத்தம் ஊறிய துணி, பஞ்சு எல்லாம் ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பைக்குப் போய் எரிக்கப்பட வேண்டும். 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆகவே கழிவை எடுத்துக்கொள்ளும் இடத்தோடு முன்பே பேசி வைத்துக்கொண்டுதான் தொழிலைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்டேஷனில் இருந்து "இனி கழுவலாம்" என்று வராமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டுக்காரர் அழுவார், கையெடுத்துக் கும்பிடுவார், அப்போதும் கூடாது. குற்றவாளியைக் காப்பாற்றத் தடயத்தை அழித்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு இருக்கிறது. அந்தச் சந்தேகம் உங்கள் மேல் விழவே இடம் கொடுக்க வேண்டாம். நான் எழுதி வாங்கிக்கொள்வேன்.

ஆலை வேலையை இப்போதே விட வேண்டாம். ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்கில் ஆறு மாதம் ராத்திரி ஷிப்ட் பாருங்கள். அந்த வாடையில் சோறு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று தெரிந்துவிடும். வராவிட்டால் அது குறை இல்லை. எனக்கே இரண்டு தடவை தூக்கம் போயிருக்கிறது, அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் இந்த வேலைக்குப் போகிறான். தீட்டு என்று அக்கம்பக்கம் பேசுகிறார்கள். பெண் கொடுப்பார்களா?
- ஒரு தாய், ஓமலூர்

பதில்: பேசுவார்கள் அம்மா, நானும் கேட்டிருக்கிறேன். நேற்று அப்படிப் பேசியவர் வீட்டிலேயே இன்னொரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மகன் வேலை முடிந்து வந்ததும் தனி வாளியில் துணியை ஊற வைக்கட்டும், தலைக்குக் குளிக்கட்டும். அது கிருமிக்காக. அதற்கு மேல் அவனைத் திண்ணையில் உட்கார வைத்துச் சோறு போடாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் பழைய பங்களாவில் தங்கியிருந்தவர் தூக்கத்திலேயே இறந்து, இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. போலீஸ் வேலை முடிந்துவிட்டது. பினாயில், சாம்பிராணி எல்லாம் போட்டும் வாடை போகவில்லை.
- வாசகர், ஏற்காடு

பதில்: சாம்பிராணி வாடையை மூடும், எடுக்காது. மெத்தை போக வேண்டியதுதான், வெயிலில் போட்டு மறுபடி விரிக்க நினைக்காதீர்கள். மரப்பலகைத் தரை என்றால் உள்ளே இறங்கியிருக்கும். கட்டிலுக்குக் கீழே உள்ள பலகையைக் கழற்றி அடியைப் பாருங்கள். கறை இருந்தால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் மலையில் எதுவும் காயாது, ஈரம் நிற்கும்வரை வாடையும் நிற்கும். பலகையை மாற்றிய பிறகு மின்விசிறியும் ஹீட்டரும் போட்டு மூன்று நாள் உலர்த்துங்கள். எஸ்டேட் லைன் வீட்டில் இருந்து ஒரு அம்மாவைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் வரும் வரை அவரை அந்த அறைக்குள் விடாதீர்கள். கம்பூட்டும் கிளவுஸும் அவருக்கும் ஒரு ஜோடி கொண்டு வருகிறேன், கால் அளவை மட்டும் கேட்டு எழுதுங்கள்.