மகள் கேட்கும் கேமராவை இப்போதே வாங்க வேண்டுமா?

பிளஸ் ஒன் படிக்கும் மகள் நடனப் புகைப்படம்தான் தன் தொழில் என்கிறாள், ஒன்றரை லட்சத்தில் கேமரா கேட்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா பாடியும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்சும் இரண்டு வருஷத்துக்குத் தாங்கும். எட்டு வருஷம் பரதம் கற்றவள் என்றும் எழுதியிருக்கிறீர்களே, கடையில் கிடைக்காத மூலதனம் அதுதான்.

பரதத்தின் அடிப்படை அசைவான அடவுகளில் குதித்துமெட்டையே பாருங்கள், அதன் தாளச் சொல் ‘தை ஹத் தை ஹி’. ‘தை’யில் முன்பாதத்தில் குதிப்பு, ‘ஹத்’தில் குதிகால் தட்டு. குதிப்பைக் கண்ணால் பார்த்த பிறகு பட்டனை அழுத்தினால், விரல் அசைவதற்குள் சுமார் 0.2 விநாடி போய்விடும். படத்தில் மிஞ்சுவது இறங்கும் உடம்பும் கலைந்த கையும்தான். தாளம் தட்டிச் சொல் சொல்லும் நட்டுவாங்கத்தைக் காதில் வாங்கி, சொல் விழுவதற்கு ஒரு நூல் முன்னால் அழுத்த வேண்டும். விநாடிக்கு 10 படம் சுடும் கேமராவும் இதற்கு மாற்றல்ல; தீர்மானத்தின் (ஜதியை முடிக்கும் அடவுக் கோவை) கடைசி அடி இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடும்.

குதிப்புக்கு 1/500 விநாடி, சாதாரண அடவுக்கு 1/250, அபிநயத்துக்கு 1/125 ஷட்டர் போதும். இருட்டு மேடையில் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200, 6400 வரை தயங்காமல் ஏற்றட்டும். படம் கொஞ்சம் பொரிப்பொரியாக இருப்பது கலங்கியிருப்பதைவிட மேல். ஃபிளாஷ் கூடவே கூடாது. எல்இடி விளக்கில் படம் பட்டை பட்டையாக விழுந்தால் சத்தமில்லாமல் எடுக்கும் சைலன்ட் ஷட்டரை அணைக்கச் சொல்லுங்கள், பாதித் தொல்லை போய்விடும். சிவப்பு விளக்கில் முகம் கரைந்துபோகும், அதனால் பிறகு நிறம் திருத்த வசதியான ‘ரா’ (RAW) கோப்பாக எடுப்பது நல்லது.

எல்லோரும் செய்யும் தப்பு நின்றபடி எடுப்பது. முழங்காலை மடக்கி விரித்து நிற்கும் அரைமண்டியை மேலிருந்து எடுத்தால் முழங்கால்களுக்கு இடையே விரியும் கட்டமும் உடையின் விசிறி மடிப்பும் நசுங்கிவிடும். கேமரா ஆடுபவரின் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். உயரமான கோயில் மேடை என்றால் முதல் வரிசையும் ஆகாது, மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும். நாலைந்து வரிசை பின்னால் போய் நடைபாதையில் நிற்கட்டும்; மேடை உயரம் என்பதால் அங்கே மட்டும் நின்றபடி எடுக்கலாம்.

பழகுவதற்கு நம் குமரி மாவட்டத்துக் களியல் என்ற கோலடி ஆட்டம் நல்ல களம். விளக்கைச் சுற்றி வட்டமாக ஆடுவதால் ஆள் எங்கே வருவார் என்பது முன்கூட்டியே தெரியும். ஷட்டரை 1/30க்கு இறக்கினால் கோல்கள் கோடாக ஓடும், முகம் ஓரளவு நிற்கும். பத்தில் எட்டு வீணாகும், திட்டாதீர்கள்.

படிப்புக்கு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) டிகிரி மூன்று வருஷம், நாகர்கோவில் பக்கமே படிக்கலாம். சினிமா ஒளிப்பதிவில் ஆசை வந்தால் சென்னை தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் இருக்கிறது. டிகிரிக்குப் பிறகு தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியில் (NID) புகைப்பட வடிவமைப்பு உண்டு, தேர்வு கடினம்.

நடனம் மட்டும் எடுத்து வீட்டுச் செலவு ஓடாது. கல்யாண ஆர்டர்தான் சோறு போடும், அரங்கேற்றங்கள் பெயர் வாங்கித் தரும். ஆடும் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இன்ஸ்டாவில் போடக் கூடாது என்பதை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.

அவளுடைய நடன வகுப்பில், டீச்சர் அனுமதியோடு, ஒரே அடவை 200 படம் எடுக்கச் சொல்லுங்கள். விரலும் பாதமும் வெட்டுப்படாமல், சொல்லோடு அடி சேர்ந்த பத்துப் படம் தேறினால் 85 மி.மீ. லென்ஸ் வாங்கிக் கொடுங்கள்.